குண்டு எழுத்துக் கல்யாணம்

அத்தையின் கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, மஞ்சள் பூசி உள்ளே உட்காரவைத்திருந்த அத்தை, மெத்தை தைக்க வந்திருந்த பாய், அப்புறம் நான். மற்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் அப்போதே பெரம்பலூர் மண்டபத்துக்குப் போய்க் காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் இந்தக் கதையைச் சொல்லும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகத்தான் இன்றைக்குச் சொல்கிறார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தை மாதம் அது. எனக்குப் பத்து வயது இருக்கும். கவலைப்படுவதில் நான் கெட்டிக்காரி. பள்ளிக்கூடம் எனக்கு எட்டாவதோடு நின்றுபோனது. கவலை மட்டும் நிற்காமல் கூடவே வளர்ந்தது. அந்த வருடம் என் கவலையெல்லாம் அத்தையின் கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்பதுதான். முன்பு ஒருமுறை பேசி, நின்றுபோயிருந்தது. வந்தவர்களுக்குக் கொடுத்த காப்பியில் சர்க்கரை போதவில்லை, அதனால் போய்விட்டார்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அதை அப்படியே நம்பினேன். அதற்கப்புறம் பெண் பார்க்க யார் வந்தாலும் அம்மாவுக்குத் தெரியாமல் ஒவ்வொரு டம்ளரிலும் இன்னொரு கரண்டி போட்டுவிடுவேன். இந்த மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றும் போட்டேன். சம்பந்தம் அமைந்ததே என்னால்தான் என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளைக்குத் திருமானூர் பக்கம். அங்கே நெல்லும் கரும்பும். வாலிகண்டபுரத்தைச் சுற்றி எங்கள் பக்கம் பருத்தியும் சோளமும். வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவர்கள் வானத்தைப் பார்த்துக் கிடப்பவர்களிடம் பெண் எடுக்கிறார்களே என்று எங்கள் வீட்டில் பயமும் பெருமையும் கலந்து கிடந்தது. மாப்பிள்ளைக்கு அப்பா அம்மா இல்லை, எல்லாம் அவருடைய அக்காதான். அந்த அக்கா நகையைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. “கட்டில் மெத்தை மட்டும் நல்லதாப் போட்டுருங்க” என்றார். அப்புறம், தட்டு மாற்றுவதற்கு முன்னால், எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொன்று சொன்னார்.

“மேடையில பேரு குண்டு எழுத்துல இருக்கணுங்க. கடேசி வரிசையில கண்ணாடி போடாத கெழவனும் படிக்கணும்.”

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய சொந்தக் கல்யாணத்தில் பெயரை மெல்லிசாக, வால் நீட்டி, கொடி படர்ந்த மாதிரி வளைத்து வளைத்து எழுதியிருந்தார்களாம். அழகுக்கு ஒரு குறையும் இல்லை, படிக்கத்தான் முடியவில்லை. அதே தெருவில் அடுத்த மண்டபத்திலும் ஒரு கல்யாணம். அவருடைய தாய்மாமன் வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கி, அந்த மண்டபத்துக்குள் நுழைந்து, யாரோ ஒரு பெண்ணுக்கு அட்சதை போட்டு, சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ‘மேக்கப் போட்டதுல நம்ம புள்ள ஆளே மாறிப்போச்சு’ என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார்களாம்.

“தாய்மாமன் இருந்தும் அவரு கையால அட்சதை வாங்காத பொண்ணுங்க நான்” என்று சொல்லி முடித்தபோது அவர் சிரிக்கவில்லை. அதனால் நாங்களும் சிரிக்கவில்லை. அவர்கள் வண்டி கிளம்பித் தெருமுனை தாண்டிய பிறகுதான் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

குண்டு எழுத்து என்றதும் எங்களுக்கெல்லாம் நினைவு வந்தது மாமாதான். பெரம்பலூரில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, லாரிகளுக்கும் டிராக்டர் பெட்டிகளுக்கும் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். மாமாவின் எழுத்துக்கு மூலையே கிடையாது. முனையெல்லாம் உருண்டிருக்கும். எங்கே தொட்டாலும் கோடு ஒரே தடிமன். கொம்பு பருத்திருக்கும், சுழி குழிப்பணியாரம்போல உப்பியிருக்கும், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற சந்துதான் இருக்கும்.

“லாரி பறக்குது. பின்னாடி வர்றவன் கண்ணுல போய் அடிச்சாத்தான் எழுத்து. மூலை வெச்சின்னா தூசி அங்கதான் ஒக்காரும், பெயிண்டும் மொதல்ல அங்கதான் உரியும்” என்பார்.

மேடைக்குப் பின்னால் தொங்கவிடும் மெரூன் நிற வெல்வெட் துணியை மண்டபத்தில் வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள். மாமா அளவு பார்க்க அதை எங்கள் வீட்டுக்கே சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். தடித்த தெர்மாகோல் அட்டைகளில் எழுத்துகளை வரைந்து, ரம்பத் தகட்டால் அறுத்து, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து உருட்டி வைத்திருந்தார். அவை அத்தனையும் கொழுகொழுவென்று தவழும் குழந்தைகள் மாதிரி இருந்தன. ஆடு கடித்துவிடக் கூடாதென்று நான் காவல் உட்கார்ந்திருந்தேன்.

ஜிகினாத்தூள் ஒட்டினால் போதும் என்று அம்மா சொன்னாள். மாமா கேட்கவில்லை. ஜிகினாவெல்லாம் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு. தன் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு லாரி நெற்றியில் அடிக்கிற தங்கநிறப் பெயிண்டுதான் என்று சொல்லிவிட்டார். கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பைக் கழுவி, அதில் பெயிண்டை ஊற்றி, இறுகாமல் வரவேண்டுமே என்று தின்னரைத் தாராளமாகக் கலந்தார். எழுத்துகளை வாசலில் ஒரு கோரைப்பாய்மேல் வரிசையாகப் பரப்பி, லாரிக் கதவுக்கு அடிக்கிற வேகத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும், திரும்ப அங்கிருந்து இங்கேயும் அடித்துக்கொண்டே வந்தார்.

இரும்பையும் தகரத்தையும் தவிர வேறெதிலும் பெயிண்ட் அடித்துப் பழகாதவர் மாமா. தெர்மாகோல் தின்னரில் கரைந்துபோகும் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் யாருக்கும் தெரியாது. சொய்ங் என்று ஒரு சத்தம் வந்தது. சோப்பு நுரை அடங்குகிற மாதிரி அத்தையின் பெயர் குழிய ஆரம்பித்தது. சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மாப்பிள்ளை பெயருக்குத் தின்னர் கொஞ்சம் அதிகமாகவே போயிருந்தது போலிருக்கிறது. அது அப்படியே சுருங்கி, வெயிலில் காய்ந்த நெல்லிவற்றல்போல ஆகிவிட்டது. மாமா பம்பைக் கையில் பிடித்தபடி நின்றார். பம்பிலிருந்து மட்டும் சொட்டுச் சொட்டாகத் தங்கம் விழுந்துகொண்டிருந்தது.

“அட பாவி தம்பி!” என்றாள் அம்மா.

அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் பறந்தார். முகூர்த்த மாதம். டவுனில் இருந்த தெர்மாகோல் எல்லாம் வேறு யார் யாருடைய பெயராகவோ மாறிப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. டிவி பெட்டிக்குள் வைத்து வருமே, பள்ளம் பள்ளமாக, அப்படி ஒரு துண்டை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

“இதுல என்ன மச்சான் எழுதறது, புள்ளி வேணா வெக்கலாம்” என்றார் மாமா.

“நீ பேசாத மாப்ள. நீ பேசுனா எனக்குப் பம்பு ஞாபகம் வருது.”

வெல்வெட்டில் பெயிண்டால் எழுதலாம் என்றால் அது வாடகைத் துணி. வெள்ளை வேட்டியில் எழுதிக் கட்டலாமா என்று மாமா மெதுவாகக் கேட்டார். “எழுது. கீழ ஒரு மைக்கு வெச்சுட்டா கட்சி மீட்டிங்கு. மாப்பிள்ளைய நிதி திரட்டச் சொல்லலாம்” என்றாள் அம்மா.

நான் உள்ளே ஓடினேன். அத்தைக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. இனி மண்டபத்துக்குக் கிளம்பும்வரை அவள் வாசல்படி தாண்டக் கூடாது, ஒரு வேலையும் தொடக் கூடாது. கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவள் மடியில் விழுந்து, சர்க்கரை குறைந்ததற்கே போனவர்கள் எழுத்து கரைந்ததற்கு இருப்பார்களா என்று அழுதேன். அத்தை என்னைத் தள்ளிவிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். காய்ந்திருந்த மஞ்சள் கன்னத்தில் வெடித்து உதிரும்வரை சிரித்தாள்.

“ஏன் மாமா, என் பேராச்சும் சப்பையாத்தான் கெடக்கு. அவங்க பேரு மொத்தமா வத்திப்போச்சே. நாளைக்கு நான் மட்டும் போய் மேடையில ஒக்காந்துக்கவா?”

சிரித்தாளே தவிர, கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். அதற்கு முந்தைய சம்பந்தம் நின்ற அன்றும் அவள் இப்படித்தான் முதலில் சிரித்தாள்.

இவ்வளவு நேரமும் வாசலின் இன்னொரு பக்கத்தில் பாய் தன் பாட்டுக்குப் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தார். பெரிய வில்லின் நரம்பைக் கட்டையால் தட்டத் தட்ட, டொய்ங் டொய்ங் என்று பஞ்சு பிரிந்து மேகமாகக் குவிந்தது. சீர் மெத்தைக்கான பஞ்சு. கடையில் வாங்கலாம் என்று பாய் சொல்லியும் கேட்காமல், எங்கள் கொல்லைக்காட்டில் விளைந்த பருத்தியையே மில்லில் கொடுத்துக் கொட்டை நீக்கிக் கொண்டுவந்திருந்தார் அப்பா. காற்றில் பறந்த பஞ்சு கதவருகே வந்து அத்தையின் புடவையில் ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்குத்திரி திரித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? வேலை தொடக் கூடாதென்பதையும் மறந்து அவள் அதைத் திரட்டித் திரித்தாள். திரி தடித்துக்கொண்டே போய் அவள் மணிக்கட்டுப் பருமன் ஆனது. அதை வளைத்துத் தரையில் வைத்தாள். பார்த்தால் அவள் பெயரின் முதல் எழுத்து. கொழுகொழுவென்று, மூலையே இல்லாமல்.

மாமா முழங்கால் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தார். விரலால் ஒருதரம் அமுக்கினார். அது அமுங்கி, திரும்ப எழுந்துகொண்டது.

“நான் இருவது வருசமா பெயிண்டுல உப்ப வெக்கப் பாக்குறேன். இது தானா உப்புது புள்ள!” என்றார்.

பாய் வில்லைக் கீழே வைத்துவிட்டார். “இந்தாங்க, சீர் மெத்தைப் பஞ்சுங்க அது. பஞ்சு கொறஞ்சுச்சுன்னா மாப்பிள்ள வூட்டுல அமுக்கிப் பாத்ததும் கண்டுபுடிச்சுருவாங்க. எம் பேருதான் கெடும்” என்றார்.

அது நிஜம்தான். மெத்தை வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டவர் அந்த அக்கா. மெத்தையைக் குறைத்தால் எழுத்து. எழுத்தைக் குறைத்தால் மெத்தை. எது குறைந்தாலும் கல்யாணம் நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் அம்மா பாயிடம் கெஞ்சி ஓர் ஏற்பாட்டுக்குச் சம்மதிக்கவைத்தாள். தாலி கட்டியதும் எழுத்தைப் பிரித்து, சீர் லாரி கிளம்புவதற்குள் பஞ்சைத் திரும்ப மெத்தையில் அடைத்துவிட வேண்டும். பாய் மெத்தையின் ஓர் ஓரத்தைத் தைக்காமல் விட்டு, ஊசியும் நூலுமாக மண்டபத்துக்கு வர வேண்டும்.

“பசை மட்டும் தடவக் கூடாதும்மா. தடவினா பஞ்சு பாழு” என்றார் பாய். “நூலோட்டமாப் புடிச்சு வுடறேன். இன்ஷா அல்லா, நிக்கும்.”

அப்புறம் ஒரே கூத்துதான். வெல்வெட்டை விரித்து மாமா சாக்பீஸால் வரைய, அம்மாவும் நானும் பஞ்சைத் திரட்டி வைக்க, பாய் நீள ஊசியால் மேலோட்டமாகத் தைத்துக்கொண்டே வந்தார். அத்தை வாசல்படிக்கு உள்ளே உட்கார்ந்து திரித்துத் திரித்து உருட்டிவிட்டாள். மாப்பிள்ளை பெயரில் ஒரு ஜ இருந்தது. அதைப் பஞ்சில் வளைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. “அடுத்தது என்ன எழுத்து, சொல்லு புள்ள” என்று மாமா வேண்டுமென்றே அத்தையைக் கேட்பார். “எனக்குத் தெரியாது” என்பாள். புருஷன் பெயரை அவள் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்வதில்லை. அவள் சொல்லாததை நான் மட்டும் எதற்கு இங்கே எழுதுவது? புள்ளி வைக்கும் வேலை எனக்கு வந்தது. பஞ்சை உருண்டையாக்கி வைத்தால் போதும். வைத்துவிட்டு, விழுந்துவிடுமோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து நானே இரண்டு தரம் விழவைத்தேன். பொழுது சாய்வதற்குள் மெரூன் துணியில் இரண்டு பெயரும் பிறந்த குழந்தைகள் மாதிரிக் கொழுத்துப் படுத்திருந்தன.

துணியைச் சுருட்டினால் எல்லாம் நசுங்கிவிடும். அதனால் டிராக்டர் பெட்டியில் அதை அப்படியே விரித்து, காற்றுக்குப் பறக்காமல் மேலே கொசுவலை போட்டு, ஓரத்தில் ஆளுக்கொரு முனையாக அமுக்கிக்கொண்டு பெரம்பலூருக்குக் கிளம்பினோம். முக்காடு போட்ட அத்தை நடுவில் உட்கார்ந்திருந்தாள். நெடுஞ்சாலையில் எங்களைத் தாண்டிப் போன லாரிக்காரர்கள் மேலிருந்து எட்டிப் பார்த்து, பெயரைச் சத்தமாகப் படித்து, ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு ஹாரனுக்கும் மாமா எழுந்து நின்று கும்பிட்டார். நான் வலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் பயந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் மேடையில் பெயர் ஏறியது. மாப்பிள்ளையின் அக்கா வந்தார். நேராக மேடைக்குப் போகவில்லை. கூட வந்த ஒரு வயதானவரைக் கையைப் பிடித்துக் கடைசி வரிசைக்கு அழைத்துப்போய் நிறுத்தினார். தாய்மாமன்.

“படிங்க மாமா.”

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டி இரண்டு பெயரையும் படித்தார். “இது நம்ம பய பேருதான். மண்டபம் மாறல” என்றார். அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஆனால் என் கவலை அதோடு முடியவில்லை. மேடைக்கு நேர் மேலே ஒரு மின்விசிறி இருந்தது. அதைப் போட்டால் பஞ்சு பிய்ந்துவிடும். அதனால் மாமா என்னை ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருந்தார். அவரோ, ஹோம நெருப்பிலிருந்து ஒரு பொறி தெறித்தாலும் ஊற்ற, மேடைக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றார். புகை மண்டியது. ஐயர் துண்டைப் பிழிந்தார். மாப்பிள்ளை சட்டையில்லாமலே நனைந்திருந்தார். மாப்பிள்ளையின் அக்கா என்னைப் பார்த்தார்.

“பாப்பா, அந்த பேனைப் போட்டு வுடு.”

நான் இரண்டு கையாலும் ஸ்விட்சை மூடிக்கொண்டேன். “மாட்டேன் பெரியம்மா.”

“ஏன்டி?”

“போட்டா பேரு பறந்துரும்.”

அவர் மேடையேறிப் போய் எழுத்தைத் தொட்டார். கையோடு ஒரு பிசிறு வந்தது. “பஞ்சா? ஏது இவ்வளவு பஞ்சு?” என்று கேட்டார். தூரத்திலிருந்து அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினாள். அந்தக் கண்ணுக்கு அர்த்தம் வாயை மூடு என்பதுதான். எனக்கோ பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“சீர் மெத்தையிலேர்ந்து எடுத்தது பெரியம்மா. எல்லாத்தையும் திரும்ப உள்ள வெச்சுருவோம். கல்யாணத்த நிறுத்திராதீங்க.”

நாதஸ்வரக்காரர்கூட ஒரு நொடி ஊதுவதை நிறுத்தினார். அந்த அம்மா எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலை குனிந்து உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. ஐயோ அழுகிறாரே என்று நினைத்தேன். சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு, யார் கையிலிருந்தோ ஒரு விசிறியை வாங்கி, மேடையில் தம்பிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

“பேரு அங்கியே இருக்கட்டும். ஆளுக்கு நான் வீசுறேன்” என்றார். தம்பிக்கு ஒரு வீச்சு, அத்தைக்கு ஒரு வீச்சு என்று மாற்றி மாற்றி, கெட்டிமேளம் முழங்கும்வரை வீசினார்.

பந்தி முடிந்ததும் மண்டபத்தின் பக்கத்து அறையில் வெல்வெட்டை விரித்தார்கள். ஓரம் தைக்காமல் விட்டிருந்த மெத்தையைப் பாய் பிடித்துக்கொள்ள, இரண்டு வீட்டுப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து எழுத்துகளைப் பிரித்துப் பஞ்சை உள்ளே தள்ளினார்கள். மாப்பிள்ளையின் அக்காவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தையின் பெயரிலிருந்து ஒரு கைப்பிடி, மாப்பிள்ளை பெயரிலிருந்து ஒரு கைப்பிடி என்று வகைதொகை இல்லாமல் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“ரெண்டையும் ஒண்ணாப் போடுறீங்களே! அத்த பேரும் மாப்பிள்ள பேரும் உள்ள கலந்துராதா?”



“கலக்கட்டும்டி பாப்பா. அதுக்குத்தான மெத்தையே தெச்சிருக்கு” என்றார் மாப்பிள்ளையின் அக்கா.

அறையே அதிர்ந்தது. அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பல்லில் ஊசியைக் கடித்திருந்த பாய் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அத்தை முந்தானையால் முகத்தை முழுதாக மூடிக்கொண்டாள். மூடிய முந்தானையும் குலுங்கியது. நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது, என்ன தப்பென்று தெரியவில்லை. அதைச் சரிசெய்கிறேன் என்று, அத்தை பஞ்சை இடது பக்கமும் மாப்பிள்ளை பஞ்சை வலது பக்கமுமாகத் தள்ளி, நடுவில் ஒரு தையல் போட்டுவிடுங்கள் என்று பாயைக் கெஞ்சினேன். சிரிப்பு இன்னும் பலத்தது.

பாய் ஓரத்தைத் தைத்து மூடினார். மெத்தையை லாரியில் ஏற்றினார்கள். அத்தை ஏறிய கார் முன்னால் போக, லாரி பின்னால் கிளம்பியது. அரியலூர் ரோட்டில் அது திரும்பி மறையும்வரை, எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, அந்தப் பஞ்சை இனி யார் எப்படிப் பிரித்தெடுப்பார்கள் என்ற கவலையில் நான் மட்டும் அழ மறந்து நின்றேன்.